பக்கத்து வீட்டு மாலதி அக்கா

எங்கள் வீட்டு இரும்பு பீரோவின் அடிப்பக்கம் ஒரு நாள் பொடிந்து உதிர்ந்துவிட்டது. அத்தா முந்தைய லீவில் வந்தபோது புதுச்சேரியில் வாங்கி, வேனில் ஏற்றி மரக்காணத்துக்குக் கொண்டுவந்த பீரோ அது. எங்கள் தெருவுக்குப் பின்னால் உப்பளம். அங்கிருந்து வரும் காற்று முதலில் பூட்டைத் தின்னும், பிறகு கதவுக் கீலை, பிறகு சைக்கிளை. எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். கதவு திறக்கவில்லையென்றால் கொஞ்சம் தேங்காய் எண்ணெயை விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்போம். ஆனால் அத்தா ஷார்ஜாவிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர். எல்லாத் துருவும் ஒரே நாளில் பிடித்ததைப்போல அவருக்குத் தெரியும்.

உதிர்ந்த பொடியைக் கையில் அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "இரும்பே நிக்காத ஊர்ல புள்ளைங்க எப்படி நிக்கும்?" என்று கேட்டார்.

கேள்வி பீரோவைப் பற்றியது என்றுதான் நான் நினைத்தேன். அன்று மாலையே, மெட்ராஸ் பக்கம் ஒரு வீடு வாங்கி எங்களை அங்கே குடிவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது பதினோரு வயது, தம்பிக்கு நாலு. அத்தாவின் அண்ணன் பெரியத்தாவின் குடும்பமும் நாங்களும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியத்தா உப்பு வியாபாரம் செய்தார். வாசலில் எப்போதும் ஒரு லாரியும் நாலைந்து ஆட்களும் நிற்பார்கள். வீட்டுக்குள் பெரியம்மா, அவருடைய மூன்று பிள்ளைகள், போகிற வருகிற சொந்தங்கள். சமையலறை பெரியம்மாவுடையது. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று அவள் ஒருநாளும் முடிவு செய்ததில்லை.

பெரியத்தாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "ஏம்பா, அங்க யாரு இருக்கா உங்களுக்கு? நீ பிளைட் ஏறிடுவ. இது ரெண்டு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு தனியா என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லாத ஊர்லதான் நானும் பன்னண்டு வருஷமா இருக்கேன்," என்றார் அத்தா.

அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கடைசியில் அத்தாவே திரும்பி, "எந்த ஏரியாவா இருந்தாலும் நீ சரின்னு சொன்னாத்தான். இருக்கப்போறது நீ," என்றார். அம்மாவை ஒரு முடிவு எடுக்கச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மெட்ராஸுக்கு உள்ளே வாங்க வசதி இல்லை, மெட்ராஸை விட்டுத் தள்ளிப்போக அத்தாவுக்கு மனமும் இல்லை. மெட்ராஸ் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி, ஆனால் மெட்ராஸாக இல்லாத ஓர் ஊர் வேண்டும். அப்படிப்பட்ட ஊர்கள் நிறைய இருந்தன. கோட்டக்குப்பத்து புரோக்கர் ஒருவர் அவற்றையெல்லாம் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நால்வரும் விடிந்ததும் பஸ் ஏறுவோம். ஒரு வாரம் ஈசிஆர் ரோடு, மறு வாரம் திண்டிவனம் சுற்றிக்கொண்டு தாம்பரம் ரோடு. தம்பி பஸ்ஸில் வாந்தி எடுப்பான். அத்தா கம்பியைப் பிடித்தபடி எழுந்து எழுந்து வெளியே பார்ப்பார். லீவில் வந்தவருக்கு உட்காரத் தெரியாது. இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் காலண்டர் இருக்கிற கடையைத் தாண்டும்போதெல்லாம் அவர் கண் அங்கே போகும்.

முதலில் பார்த்தது கேளம்பாக்கத்துக்கு உள்ளே ஒரு நகரில். கோவளத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போனோம். அத்தா குழாய்களைத் திறந்து பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். அம்மா எதையும் தொடவில்லை. ஒரு காலி பாட்டிலை என் கையில் கொடுத்து, "பக்கத்து வீட்டுல தண்ணி வாங்கிட்டு வா," என்றாள்.

"பையில இருக்குதேம்மா."

"அது தம்பிக்கு. போ."

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா கதவைத் திறந்தார். சிரித்த முகம். தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு என் பேரைக் கேட்டார். சொன்னேன். "ஓ," என்றார். பிறகு எந்த வீட்டைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று கேட்டார். கைகாட்டினேன். "அது வித்துப்போச்சுன்னு சொன்னாங்களேம்மா," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஓடிவந்து, வீடு விற்றுப்போய்விட்டது என்று எல்லார் முன்னாலும் அறிவித்தேன். புரோக்கர் சத்தியம் செய்யாத குறையாக மறுத்தார். அம்மா என்னைத் தனியே அழைத்துப்போய், அவர் முதலில் என்ன கேட்டார், அடுத்து என்ன கேட்டார் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு அத்தாவிடம், "கிச்சன்ல வெளிச்சம் இல்லீங்க," என்றாள்.

அத்தா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். புரோக்கரிடம் வெளிச்சமான சமையலறையாகப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரம் மேடவாக்கம் பக்கம் பார்த்த வீட்டில், சமையலறையின் மூன்று பக்கமும் ஜன்னல். அங்கேயும் பாட்டிலோடு அனுப்பப்பட்டேன். அந்த வீட்டுப் பெண் கதவைத் திறக்காமலே, கம்பி வழியாகக் கையை நீட்டிப் பாட்டிலை வாங்கி, கம்பி வழியாகவே திருப்பிக் கொடுத்தார். அம்மா அத்தாவிடம், "ஒரே வெயிலா அடிக்குது. நின்னு சமைக்க முடியாது," என்றாள்.

மூன்றாவது, வண்டலூருக்குப் பக்கத்தில். அங்கே ஒரு டீச்சரம்மா தண்ணீரோடு ஒரு முறுக்கும் கொடுத்தார். ஆனால் அந்தத் தெருவில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள், காலையில் பூட்டினால் பொழுது சாய்ந்துதான் திறப்பார்கள் என்றும் அவரே சொன்னார். இந்த முறை அம்மா ரயில் சத்தத்தைக் குற்றம் சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தா பொறுமை இழந்தார். "உனக்கு வீடு புடிக்கலையா, இல்ல நான் பண்றதே புடிக்கலையா? சொல்லிடு. நான் நாளைக்கே உப்பளத்துல கூடை தூக்கப் போறேன்."

அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.  அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் நேராகவே கேட்டேன், எதற்குத் தண்ணீர் என்று.

"பெரியவங்ககிட்ட எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. சின்னப் புள்ளைகிட்ட எப்படி பேசுறாங்கன்னு பாக்கணும்," என்றாள். "தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்ன யாரு வீட்டுல விட்டுட்டு ஓடுவேன் நான்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. குடும்பத்தின் முக்கியமான வேலை என் கையில் இருக்கிறது என்று புரிந்தது. அந்தப் பெருமைதான் பிறகு வேலையைக் கெடுத்தது.

நாலாவது வீடு கூடுவாஞ்சேரியில். அத்தா கிளம்ப இரண்டு வாரம்கூட இல்லை. கீழே இரண்டு அறை, மாடியில் ஒரு சின்ன அறை. மாடி ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் எலக்ட்ரிக் ரயில் போவது தெரிந்தது. மரக்காணம் வீட்டில் நான் பெரியத்தாவின் இரண்டு பெண்களோடு ஒரே பாயில் படுப்பவள். எனக்கென்று ஒரு ஆணிகூடக் கிடையாது. அந்த அறைக்குள் நின்று கையை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்தேன். சுவர் தட்டவில்லை. இந்த வீடு எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது.

கீழே அம்மா பாட்டிலோடு காத்திருந்தாள்.

ஒரு பக்கம் காலி மனை, முள்செடி. இன்னொரு பக்கம் மாடி வைத்த வீடு. கீழ்வீட்டுக்குள் டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பெல் அடித்தேன். திரைச்சீலை லேசாக அசைந்தது. யாரும் வரவில்லை. இன்னொரு முறை அடித்தேன். டிவி சத்தம் நின்றது, கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டில் பூட்டு தொங்கியது. தெருமுனையில் ஓர் அடிபம்பு இருந்தது. நான் போய், ஏறி ஏறிக் குதித்து அதை அடித்து, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

"ஒரு அக்கா குடுத்தாங்க," என்றேன்.

"கதவத் தொறந்தாங்களா? கம்பி வழியாவா?"

"தொறந்துதான். உள்ள வந்து உக்காருன்னாங்க."

"பேரு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன். நல்ல பேருன்னாங்க. எப்ப குடி வர்றீங்கன்னு கேட்டாங்க."

"அவங்க பேரு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு போடுகிறவரின் பேர் ஞாபகத்துக்கு வந்தது. "மாலதி அக்கா."

"வேலைக்குப் போறாங்களாமா?"

"இல்ல, வீட்டுலதான் இருப்பேன்னாங்க."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் பதில் எங்கே போய்ச் சேரும் என்று நான் நன்றாகவே கற்றிருந்தேன். அம்மா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். நேராக அத்தாவிடம் போய், "இதையே முடிச்சிடுங்க," என்றாள். அவரால் நம்ப முடியவில்லை. சமையலறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே வெளிச்சமே இல்லை.

"பக்கத்துல மாலதின்னு ஒரு பொண்ணு இருக்குதாம். நல்ல மாதிரியாம்," என்றாள் அம்மா. அத்தாவின் முகம் அப்படித் தெளிந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா நானும் அதையேதான் பாத்திருப்பேன்," என்றார்.

பத்திரம் பதிந்த கையோடு அத்தா ஷார்ஜா போய்விட்டார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பு, பெரியத்தாவின் உப்பு லாரியிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு நாங்கள் போனோம். இறக்கி வைத்த மெத்தையைத் தட்டத் தட்ட உப்பு கொட்டியது. பெரியத்தா கேஸ் அடுப்பை மாட்டிக் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது தம்பியைத் தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். லாரி திரும்பியதும் தெருவே காலியானது போல இருந்தது.

மூன்றாம் நாள் அம்மா சேமியா பாயசம் வைத்தாள். தன்னுடைய அடுப்பில், தானே முடிவு செய்து. ஒரு டப்பாவில் ஊற்றிக்கொண்டு, "வா, மாலதி வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம்," என்றாள். அவங்க ஊருக்குப் போயிருப்பாங்க, தூங்குவாங்க, எனக்கு வயிறு வலிக்குது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

பெல் அடித்து வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. பனியன் போட்ட ஒரு வயதானவர். ரிட்டையர் ஆனவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"மாலதி இருக்காங்களா சார்? பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்திருக்கோம்."

"மாலதியா? அப்படி யாரும் இல்லையேம்மா. நான் மட்டும்தான். மாடி போர்ஷன்கூட காலியாத்தான் கெடக்குது, வாடகைக்கு யாரும் வரல. நீங்க யாரைக் கேக்கறீங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுதாரித்துக்கொண்டு, "பேரு மாத்தி சொல்லிட்டேன் போல சார். இத சாப்பிடுங்க," என்று டப்பாவை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மறுநாள் டப்பாவைக் கழுவி, உள்ளே இரண்டு வாழைப்பழம் வைத்து மதில்மேல் வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண், தனியாக இருக்கிற ஆணின் வாசலில் எவ்வளவு நேரம் நின்று பேச முடியும்?

வீட்டுக்குள் வந்ததும், "எங்க புடிச்ச அந்தத் தண்ணிய?" என்று கேட்டாள்.

"பம்புல."

அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

அத்தா வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுதுவிட்டுப் போன் பண்ணுவார். அப்போதெல்லாம் முகம் பார்த்துப் பேசும் போன் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை நான் போன் பக்கத்திலேயே நின்றேன். சலாம் சொன்னதும் அத்தா கேட்ட முதல் கேள்வி எனக்கே கேட்டது: "மாலதியப் பாத்தியா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பாத்தேங்க," என்றாள். "மாடி போர்ஷன்ல இருக்காங்க. பாயசம் குடுத்தேன். உக்கார வெச்சி ரொம்ப நேரம் பேசுனாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அத்தா. "இனிமே நான் நிம்மதியா இருப்பேன்."

அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று எனக்கு உயிர் வந்தது. அன்று முழுக்க அவள் சொன்ன வேலையெல்லாம் செய்தேன்.

ஆனால் அடுத்த வெள்ளியும் மாலதி அக்கா வந்தார், அதற்கடுத்த வெள்ளியும். தம்பிக்குக் காய்ச்சல் கண்டபோது அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னையும் கூட்டிக்கொண்டு, அவனைத் தோளில் போட்டு, ஆட்டோ கிடைக்காமல் வெயிலில் மெயின்ரோடு வரைக்கும் நடந்தாள். டாக்டர் வீட்டு வரிசையில் நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளிக்கிழமை அவள் அத்தாவிடம், "மாலதிதான் கூட வந்தாங்க. டோக்கன் வாங்கினதெல்லாம் அவங்கதான்," என்றாள். மோட்டார் எரிந்துபோனபோது ஆள் கூட்டி வந்தது மாலதி. ரேஷன் கார்டு மாற்ற எந்த ஆபீஸ் என்று சொன்னது மாலதி. இதையெல்லாம் அம்மாவே, ஒவ்வொரு கவுண்டராக விசாரித்து, புர்கா வியர்வையில் ஊற அலைந்து செய்தாள். வேலை இல்லாத நாட்களில் வாசலுக்கும் மாடிக்குமாக நடந்துகொண்டிருப்பாள். தெருவில் யாராவது போனால் கேட்டில் நின்று பார்ப்பாள். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு பறக்கிறவர்கள் தலையை அசைப்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் நேரம் இல்லை. மரக்காணத்திலிருந்து பெரியம்மா போன் செய்தால், இங்கே நிற்க நேரமில்லை, அவ்வளவு வேலை என்பாள்.

மாலதிக்கு மெல்ல மெல்ல ஒரு குடும்பம் உண்டானது. புருஷனுக்கு பேங்க்கில் வேலை, ஒரே பெண். கொத்தமல்லி வாசம் ஆகாது. மழைக்காலத்தில் முழங்கால் வலி. சில சமயம் அத்தா என்னிடம், "அவங்க பொண்ணு எந்த கிளாஸ்?" என்று கேட்பார். "எட்டாவது, மேத்ஸ்ல வீக்," என்பேன். அம்மா மறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். போனை வைத்த பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

இரண்டு வருஷம் ஓடி, அத்தா லீவுக்கு வரும் தேதி தெரிந்ததும் எனக்குக் கிலி பிடித்தது. "ம்மா, அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு இந்த வாரமே சொல்லிடும்மா," என்றேன்.

"இரு, பாக்கலாம்," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை, மாலதி தன் பெண்ணுக்குக் காது குத்தியதை அம்மா அத்தாவிடம் விவரமாகச் சொன்னாள். எட்டாவது படிக்கிற பெண்ணுக்கா இப்போது காது குத்துவார்கள் என்று நான் சைகை செய்தேன். அவள் கவனிக்கவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. அத்தா ஏர்போர்ட்டில் இறங்கும்வரை சொல்லவில்லை.

வந்த மறுநாள் காலை அத்தா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே லேடீஸ் வாட்ச். அம்மாவுக்குக் கொண்டுவந்ததைவிட நல்லது. "கெளம்பு, மாலதியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம். ஷார்ஜாவுல ரூம்ல இருக்கற எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க," என்றார்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். 

அம்மா துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "அவங்க போயிட்டாங்கங்க. பத்து நாளாச்சு."

"எங்க?"

"பெங்களூரு. அவங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்துடுச்சு."

அத்தா ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். பூட்டிய கதவு, வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை. அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்கிட்ட சொல்லிட்டுத்தானே போனாங்க?"

"சொல்லிட்டுத்தான் போனா," என்றாள் அம்மா. அவள் குரல் உடைந்தது. துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்ப ஆரம்பித்தாள். அத்தா எழுந்து அவள் தோளில் கைவைத்தார். "அழாத. வேற யாராவது நல்லவங்க வருவாங்க," என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தப்பித்துவிட்டோம். அம்மா இத்தனை நன்றாக நடிப்பாள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிப்போய், என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்தபோது அத்தா தம்பியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா சமையலறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பாராட்டலாம் என்றுதான் உள்ளே போனேன். பார்க்க ஆளில்லாத இடத்தில் அவள் இன்னமும் எதற்கு அழுதுகொண்டிருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. "அத்தா போயிட்டாரும்மா, போதும்," என்றேன்.